163 மீட்டர்தானே!

சிங்கப்பூரின் மெக்ரிச்சி காட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு திங்கட்கிழமை. விடுப்பு கிடைத்த நாள், கூட்டமும் இருக்காது என்பது என் கணக்கு. கூட்டம் இல்லைதான். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து வேர்களையும் செம்மண் மேடுகளையும் தாண்டி 4-5 கிலோமீட்டர் நடந்து, ட்ரீடாப் வாக் தொங்குபாலத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பொது விடுமுறை வந்தாலொழிய திங்களன்று பாலம் திறக்காதாம். கைப்பேசியில் இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த தடவை சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். முழுச் சுற்று கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். நின்று நின்று நடந்ததில் எனக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாலம் 2004இல் திறந்தது. 250 மீட்டர் நீளம், இரண்டு குன்றுகளை இணைக்கிறது. உயரமான இடத்தில் 25 மீட்டர் கீழே காடு. ஆள் பின் ஆளாகத்தான் போக முடியும், ஒருவழிப் பாதை. பயந்து பாதியில் திரும்பலாம் என்றால் அதற்கும் இடமில்லை. எனக்குப் பாலம் பயம் தரவில்லை. அதைத் தாண்டியதும் வரும் மரப்படிகள்தான் முழங்காலைப் பதம் பார்த்தன. பாலத்தைப் படம் பிடித்துப் போடுகிற யாரும் அந்தப் படிகளைப் பற்றி மூச்சுவிடுவதில்லை!

இவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் வீனஸ் டிரைவ் பக்கமிருந்து விண்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் பாலத்துக்குப் போகலாம், தூரம் வெகுவாகக் குறையும். அதுவும் முடியாது, கூடக் குழந்தை இருக்கிறது என்றால் நீரோரமாகப் போகும் பலகைப் பாதை போதும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரம், வியர்வைக்கு மட்டும் குறைவில்லை.

பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு, நமக்குக் கோயில் மணி மாதிரி. என் கறிபஃப் பை போனது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது மரத்தின் மேல் இருந்தது. பாவம் என்று நாமாகக் கொடுப்பதும் கூடாது, காட்டு விலங்குக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

சரி, இனி புக்கிட் தீமா. சிங்கப்பூரிலேயே உயரமான இயற்கைக் குன்று அதுதான், உயரம் 163 மீட்டர் சொச்சம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம். 11 கிலோமீட்டர் காட்டுப் பாதைக்கு அவரை அழைத்துப் போவது சரியில்லை, இந்தக் குட்டிக் குன்றுக்குப் போகலாம் என்று நினைத்தேன். "பழனிப் படியே ஏறினவ நான்" என்று அம்மாவும் கிளம்பிவிட்டார்.

பியூட்டி வேர்ல்டு ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். வருகையாளர் நிலையத்தைத் தாண்டியதுமே தார்ச்சாலை நெட்டுக்குத்தாக எழும்புகிறது. தார்ச்சாலை என்பதால் சுலபம் என்று நினைத்தது என் தப்பு. காட்டுப் பாதையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், மூச்சுக்கு இடம் கிடைக்கும். இங்கே ஏற்றம் விட்டுக்கொடுப்பதே இல்லை. பத்தாவது நிமிடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, மறுபடி நாலு எட்டு வைத்து, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

உச்சியில் காட்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சுற்றிலும் மரம்தான். உயரத்தைப் பொறித்த ஒரு பாறை இருக்கிறது, அதனோடு படமெடுக்க வரிசை நிற்கிறது. அம்மா அந்தப் பாறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் கேட்டார்:

"சாமியே இல்லாத மலைக்கு எதுக்குடா இத்தனை பேர் ஏறுறாங்க?"