1996 ஆர்எக்ஸ்-7 வாங்கி என் பேர்ல நம்பர் பிளேட் மாட்டுற வரைக்கும்

ஜப்பான்ல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்னு ஆசைப்பட்டு, பேப்பர் வேலைக்குப் பயந்தே விட்டுடுறாங்க. நான் யோகோஹாமால இருந்துகிட்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி (மூணாவது தலைமுறை மாடலோட பேர்) ஒண்ணு வாங்கி ஷாக்கென், அதாவது இங்க கட்டாயமா பண்ண வேண்டிய வண்டிப் பரிசோதனை வரைக்கும் நானே முடிச்சேன், அதை அப்படியே எழுதுறேன்.

1991 ஜூன்ல மாஸ்டா 787பி ரேஸ் கார் ரோட்டரி இன்ஜினோட (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற இன்ஜின்) லெ மான்ஸ் 24 மணிநேர ரேஸை ஜெயிச்சுச்சு, அதே வருஷம் டிசம்பர்ல இந்த எஃப்டி வந்துச்சு, 2002 ஆகஸ்ட்ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. என்னோடது 1996 மாடல், 265 குதிரைசக்தி, மேனுவல் கியர், பின்னாடி வட்ட வட்டமா டெயில் லேம்ப் இருக்குமே அது. முதல் ஓனர் ஒரு பெரியவர், கூரைக்குக் கீழ வச்சு சர்வீஸ் புக்ல ஒரு பக்கம் விடாம எழுதி வச்சிருந்தார். ஒரு போல்ட்கூட மாத்தாத வண்டி, இங்க அதை ஃபுல் நார்மல்னு சொல்லுவாங்க. எஃப்டில அப்படி ஒண்ணு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம், ஏன்னா பாதிக்கு மேல யாராவது பெரிய டர்போ, சத்தமான சைலன்சர்னு கைய வச்சிருப்பாங்க.

பெயின்ட்டைப் பாத்து மயங்கிடாதீங்க, முதல்ல கம்ப்ரெஷன், அதாவது இன்ஜின் உள்ள காத்தை எவ்வளவு அழுத்துதுங்கற அளவு. சாதாரண கேஜ் வச்சு இதை அளக்கக்கூடாது, ஒரு ரோட்டருக்கு மூணு முகம், அந்த கேஜ் மூணுல எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும், செத்துப்போன முகம் ஒண்ணு இருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்குன்னே தனி டெஸ்டர் இருக்கு, ரெண்டு ரோட்டருக்கும் சேத்து ஆறு நம்பர் குடுக்கும். இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் எடுக்கச் சொல்லணும், 250 ஆர்பிஎம்முக்கு மாத்திக் கணக்குப் பண்ணணும். புது இன்ஜின்ல 8.5 கிலோ கிட்ட வரும், 7க்குக் கீழ போனா இன்ஜினைப் பிரிக்கணும்னு அர்த்தம். எனக்கு வந்தது முன் ரோட்டர் 8.2, 8.1, 8.0, பின் ரோட்டர் 7.9, 7.8, 7.8. நம்பர் பெருசா இருக்குறதைவிட ஆறும் பக்கத்துல பக்கத்துல இருக்கே, அதைப் பாத்துதான் சரின்னு சொன்னேன். அந்தப் பேப்பரைத் தர மாட்டேன்னு சொல்ற இடத்துல வாங்கவே வாங்காதீங்க. சூடான இன்ஜினை ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணியும் பாருங்க, கம்ப்ரெஷன் போன ரோட்டரி அங்கதான் மாட்டும்.

அடுத்தது டர்போ. இதுல ரெண்டு டர்போ, முதல்ல ஒண்ணு மட்டும் வேலை செய்யும், 4,500 ஆர்பிஎம் கிட்ட ரெண்டாவது வந்து சேரும், இதையெல்லாம் ஓட்டுறது இன்ஜினுக்கு மேல நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடக்குற வேக்கம் ஹோஸும் சோலனாய்டும்தான். சூட்டுல அந்த ஹோஸ் காஞ்சு கல்லு மாதிரி ஆகிடும். மூணாவது கியர்ல அழுத்திப் பாக்கணும், 4,500ல பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) லேசா இறங்கி உடனே ஏறிடுச்சுன்னா நல்லது, இறங்கினது இறங்கினபடியே நின்னா எங்கேயோ ஒரு ஹோஸ் போயிருக்கு.

இனி பேப்பர். வார்டு ஆபீஸ்ல நம்ம முத்திரையைப் பதிவு பண்ணி இன்கான் சர்டிஃபிகேட் எடுக்கணும், வெளிநாட்டுக்காரங்களும் எடுக்கலாம், மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல ஷாகோ ஷோமேய், அதாவது வண்டி நிறுத்த இடம் இருக்குன்னு சான்று. இடம் வீட்டுல இருந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், வாடகை இடம்னா ஓனர் சம்மதக் கடிதம் வேணும், அளவோட படமும் வரையணும். வண்டி அகலம் 1,760 மில்லிமீட்டர், தரையோட ஒட்டி வேற இருக்கும், அதனால அபார்ட்மென்ட்ல இருக்குற மெக்கானிக்கல் பார்க்கிங் எல்லாம் வேண்டாம்னு தரைல தனியா ஒரு இடம் எடுத்தேன்.

ஷாக்கென் காலாவதி ஆன வண்டிங்கறதால ரோட்டுல எடுக்கவே முடியாது. முதல்ல கட்டாய இன்சூரன்ஸ் போட்டு, வார்டு ஆபீஸ்ல சிவப்புக் கோடு குறுக்கால போட்ட தற்காலிக பிளேட் வாங்கணும், அதிகபட்சம் 5 நாள்தான் தருவாங்க. ஆன்லைன்ல ஸ்லாட் புக் பண்ணிட்டு ட்சுசுகி வார்டுல இருக்குற போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்குற டெஸ்ட் கடைல ஹெட்லைட்டை சரி பண்ணிக்கிறது ரொம்ப முக்கியம், 1998 ஆகஸ்ட் முடியுறதுக்குள்ள வந்த வண்டிக்கு ஹை பீம்லதான் அளப்பாங்க, லைட் மேல எழும்புற வண்டில அந்த மெக்கானிசம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் வெளிச்சம் வேற எங்கேயோ போய் விழும்.

பரிசோதனை லைன்ல சைட் ஸ்லிப் (டயர் பக்கவாட்டுல வழுக்குதான்னு பாக்குறது), பிரேக், 40 கிலோமீட்டர்ல ஸ்பீடோமீட்டர், லைட், புகை, கடைசியா அடிப்பக்கம். இங்கதான் நார்மல் வண்டியோட அருமை தெரியும். தரைக்கும் வண்டிக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி வேணும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் இருக்கணும், சத்தம் அளவுக்குள்ள இருக்கணும், கம்பெனில இருந்து வந்தது அப்படியே இருந்ததால ஒரு கேள்விகூட வரல. இந்த வயசு வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் விடுவாங்க, என்னோடது அதுக்கு ரொம்பக் கீழ. இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து சேசிஸ் நம்பரைப் பாத்தவர் கொஞ்ச நேரம் அந்த இன்ஜினையே பாத்துட்டு நின்னார், சுத்தமா வச்சிருக்கீங்கன்னார். அது அந்தப் பெரியவருக்குப் போக வேண்டிய பாராட்டு, போன் பண்ணிச் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

அதே வளாகத்துல பேர் மாத்தி, பழைய பிளேட்டைக் குடுத்து யோகோஹாமா பிளேட் வாங்கி, பின் பிளேட்ல சீல் வச்சுக் குடுத்துட்டாங்க.

வரி விஷயத்துல மனசு வலிக்குது. ரோட்டரிக்கு சிசியை 1.5ஆல பெருக்குவாங்க, 1,308 சிசி 1,962 ஆகிடும், வருஷ வரி 39,500 யென், 13 வருஷம் தாண்டினதால 45,400. எடை வரி ரெண்டு வருஷத்துக்கு 24,600 கட்ட வேண்டியது 18 வருஷம் தாண்டினா 37,800. ஒரு பொருளை இத்தனை வருஷம் பாதுகாத்து வச்சவங்களுக்கு இப்படி ஏத்துறது சரியில்லன்னுதான் நான் நினைக்கிறேன். வருஷ வரி ஏப்ரல் 1ஆம் தேதி யார் பேர்ல வண்டி இருக்கோ அவங்களுக்குத்தான் வரும், அதனால விக்கிறவரோட மீதி மாசக் கணக்கை முன்னாடியே பேசிடுங்க.

இப்ப நான் புதுசா சேத்தது ஒரே ஒரு தண்ணி டெம்பரேச்சர் மீட்டர், ஏன்னா கம்பெனி மீட்டர் முள்ளு சூடு ஏறினாலும் ரொம்ப நேரம் நடுவுலயே நிக்கும், முள்ளு நகர்றப்ப இன்ஜினுக்கு அடி விழுந்திருக்கும். ஹோஸ் எல்லாத்தையும் மாத்திடப் போறேன், எஃப்டிக்கான சில பார்ட்ஸை மாஸ்டாவே திரும்பத் தயாரிச்சுக் குடுக்குறாங்க, எது கிடைக்கும்னு டீலர்கிட்ட சேசிஸ் நம்பரைக் குடுத்தாப் பாத்துச் சொல்லிடுவாங்க.