85,000 ரூபாய்க்குக் கொடுக்கவிருந்த கார்

அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என் கார் 85,000 ரூபாய்க்குக் கைமாறியிருக்கும். ஐந்து வாரம் கழித்து அதே ஷோரூம் அதே காருக்கு 1,90,000 தருவதாகச் சொன்னது. நடுவில் நான் பழுதுபார்க்கச் செலவழித்தது 31,500. எஞ்சின் கோளாறோடு காரை நிறுத்திவிட்டு, சரிசெய்வதா, கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பதா என்று தூக்கமில்லாமல் கிடக்கும் யாருக்காவது இது உதவட்டும்.

2014 மாடல் பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியது. 2025 அக்டோபரில் கோவையிலிருந்து குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டி மலையேறும்போது ஆறாவது கொண்டை ஊசி வளைவில் வெப்பநிலை விளக்கு சிவப்பாக எரிந்தது. மனைவி உடனே சொன்னாள். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் நிறுத்த இடம் இருக்கும் என்று நான் ஓட்டிக்கொண்டே போனேன். அந்த மூன்று வளைவுகளில்தான் எல்லாம் கெட்டது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கிடைத்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ரெக்கவரி வண்டிக்கு 7,000 ரூபாய் கொடுத்துக் கோவைக்குக் கொண்டுவந்தேன். வழியுதவிச் சேவைக்கும் சேர்த்துத்தான் இன்சூரன்ஸில் பணம் கட்டியிருக்கிறேன் என்பது மறுநாள் பாலிசியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய செலவு. உங்கள் பாலிசியின் இணைப்புப் பட்டியலை இன்றே பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார்கள். அடியில் பால்கோவா போல வெளுத்த பிசின். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம், சரிதான். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு, "எஞ்சின் போய்விட்டது சார், 1,28,000 ஆகும்" என்றார் ஆலோசகர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அனுபவம் சார்" என்றார். வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை. அடுத்த வாக்கியமே, "மேலே ஷோரூமில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்" என்பதுதான். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். பழுதுச் செலவை மதிப்பிடுபவரும் புதுக் கார் விற்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். முதல் தொகை பெரிதாக இருக்க இருக்க இரண்டாவது வியாபாரம் எளிதாகிறது.

ஷோரூமில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 6 லட்சம் விலை, 78,000 வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சாலைக்கு வர 7,10,000 ஆனது. பழைய காருக்கு 85,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 கழித்தால் மீதி 6 லட்சம் கடன். ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 12,600 ரூபாய். இத்தனை ஆண்டு இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி போனஸைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. பழைய காரைக் கொடுத்தாலும் புதுக் கார் பாலிசிக்கு மாற்றலாம். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

மலையில் பிள்ளைகள் பயந்ததை நினைத்து நான் சம்மதிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வெற்றாகவே நீட்டினார்கள். வாங்குபவர் பெயர் இல்லாமல் போடமாட்டேன் என்றேன். பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் இருப்பவரே உரிமையாளர், விபத்து நடந்தால் அவரே பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தப் பேச்சு நடக்கும்போதே ஆர்.சி.யைப் புரட்டிய ஊழியர், "சார், வங்கி அடமானம் இன்னும் நீக்கவில்லையே" என்றார். 2019-ல் கடனை முடித்தேன். வங்கி தந்த தடையின்மைச் சான்றை ஃபைலில் பத்திரமாக வைத்துவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்தச் சான்றை வாங்கிய மூன்று மாதத்துக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். புதிதாக வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்கள். அன்று எரிச்சலாக இருந்தது. அந்தக் காகிதம் இல்லாததுதான் என்னைக் காப்பாற்றியது.

அந்த இடைவெளியில் சிங்காநல்லூரில் எங்கள் குடும்ப வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். (இம்முறை இலவச ரெக்கவரி வண்டியில்.) அவர் எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. முதலில் ஆயிலை வடித்து, வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உலோகத் துகள் மின்னினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். மின்னவில்லை. பிறகு பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கேஜை ஒவ்வொரு துளையாகத் திருகினார். நான்கு எண்களை ஓர் அட்டையில் எழுதினார்: 175, 110, 105, 170. குறைந்த இரண்டிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். எண் ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை.

"இரண்டும் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு, தம்பி. நடுச்சுவர் விழுந்திருக்கிறது. வீடு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். போனது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. காரணம், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் கிளாம்ப் ஓரமாக ஒரு மெல்லிய விரிசல். விரலால் வளைத்துக் காட்டிய பிறகுதான் என் கண்ணுக்கே தெரிந்தது.

ஹெட்டைக் கழற்றிக் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு நானும் கூடப் போனேன். இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் தகட்டைச் செருகினார்கள். அது நுழையக் கூடாது. நடுவில் 0.10 தகடே தாராளமாகப் போனது. அதாவது சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. அதைச் சமமாகச் சீவுவதற்கு முன் தண்ணீரில் அழுத்திக் காற்றடித்து, விரிசல் இல்லை என்று உறுதி செய்தார்கள். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். விரிசல் விட்ட ஹெட்டைச் சீவி மாட்டினால் மொத்தப் பணமும் வீண். பழைய ஹெட் போல்ட்டுகளையும் மறுபடி போட விடாதீர்கள்.

பாகங்கள் 14,800, லேத் 3,500, கூலி 9,000, கூலண்ட், ஆயில் 4,200. ஆயில் இருமுறை. 500 கிலோமீட்டர் ஓட்டியதும் மீண்டும் மாற்றினார். மொத்தம் 31,500. புதுக் காருக்கு இரண்டரை மாதத் தவணை. ஆர்.சி. 2029 வரை செல்லும்.

வங்கி வேலையையும் விடாமல் முடித்தேன். என் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டதால், கடன் தந்த கிளையில் பழைய கணக்கே இல்லை என்றார்கள். இரண்டாவது முறை கையெழுத்திடும் அதிகாரி விடுப்பு. மூன்றாவது முறை 2019 சான்றின் நகலைக் காட்டியதால் கணக்கு எண் கிடைத்தது. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகியிருக்கும். அடமானம் நீக்குவதற்கான படிவம் 35 இரண்டு பிரதிகள் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால், கவுண்டரில் ஒரு நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் 5 இருக்க வேண்டிய இடத்தில் வங்கி ஊழியர் 'எஸ்' எழுதியிருந்தார். மறுபடி வங்கி, மறுபடி வரிசை. வங்கியை விட்டு வெளியே வருமுன் ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். ஆன்லைனில் கட்டணம் கட்டியது மட்டும் ஐந்து நிமிட வேலை.

அடமானம் நீங்கிய ஆர்.சி. கைக்கு வந்த வாரம் ஷோரூமிலிருந்து அழைத்தார்கள். காரை ஓட்டிக்கொண்டே போய், பழுதுபார்த்த பில்லையும் மறைக்காமல் காட்டினேன். அப்போது சொன்ன விலைதான் 1,90,000. கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பது என்றே நான் முடிவு செய்திருந்தாலும், சரிசெய்த பிறகு கொடுத்ததில் 73,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நான்கு எண்கள் எழுதிய அட்டையும் பில்லும் ஆர்.சி.யோடு ஒரே கவரில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் காலையில், எஞ்சின் சூடாகுமுன், கூலண்ட் தொட்டியைப் பார்க்கிறேன். மூன்று மாதமாக மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை.