அறை வாடகை வரம்பு என்னும் ஒற்றை வரி

எந்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைக் கையில் எடுத்தாலும், அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்பதையே நான் முதலில் தேடுவேன். ஐந்து லட்ச ரூபாய் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்றிருந்தால், 5,000 ரூபாய் வரையிலான அறைக்கே அது பொருந்தும். 10,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், அறையின் தரத்துக்கேற்ப மருத்துவமனைகள் மற்றக் கட்டணங்களையும் உயர்த்துவதால், அறுவை சிகிச்சை நிபுணர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கான தொகையையும் காப்பீட்டு நிறுவனம் அதே விகிதத்தில் பாதியாக வெட்டலாம். அந்தத் தொகை இரண்டு லட்சமாயின், ஒரு லட்சம் நம் கையிலிருந்து போகும். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் கட்டணங்களில் இவ்வாறு வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. டிஸ்சார்ஜ் பரபரப்பில் இதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அவற்றின் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்காத காலம், 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்கள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. பாலிசி எடுக்கும்போது அந்த நோயே இல்லாதவரும் அதன்படி காத்திருக்க வேண்டும்.

விளம்பரத் துண்டறிக்கையில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. முழு ஆவணமும் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்காவிட்டால், பாலிசியைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைக் கட்டணம் போன்ற சில பிடித்தங்கள் போக, பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம்.