போனை எடுப்பவரே புரோகிராமர்

சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனைக்கென்று தனிக்குழு இருக்காது, சர்வரைப் பார்க்கத் தனி ஆளும் இருக்க மாட்டார். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற இடம் என்றால், நிரல் எழுதியவரேதான் கடைக்காரரின் போனையும் எடுக்க வேண்டியிருக்கும். "தம்பி, கவுன்டர்ல ஆளுங்க நிக்கிறாங்க, பில் வரல" என்று வரும் அந்த அழைப்பை மனத்தில் வைத்து எழுதினால், பாதிப் பிழைகள் எழுதும்போதே கண்ணில் படும்.

முதலில் பணம். தொகையை மிதவைப்புள்ளி எண்ணில் (தசமங்களைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்கக் கூடாது; பைசாவில் முழு எண்ணாகவோ, தசமங்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையிலோ வைக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது ரவுண்டிங்கில்தான். 10.05 ரூபாய் விலையில் மூன்று பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் 9 சதவீத சிஜிஎஸ்டி (18 சதவீத ஜிஎஸ்டியில் மத்திய அரசுக்குப் போகும் பாதி). தனித்தனியாகப் போட்டால் 0.9045, அதாவது 90 பைசா, மூன்றுக்கும் 2.70. மொத்தம் 30.15-க்குச் சேர்த்துப் போட்டால் 2.71. பில் ஒரு முறையிலும் மாத அறிக்கை இன்னொரு முறையிலும் கணக்கிட்டால், அந்த ஒரு பைசாவைத் தேடியே ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பகல் போகும். 18 சதவீதத்தைக் கணக்கிட்டுப் பாதியாக வெட்டும் குறுக்குவழியும் உதவாது: 10.05-க்கு 1.81 வரும், அதை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியாது. எந்த முறையானாலும் சரி, அது நிரலில் ஒரே ஒரு ஃபங்ஷனில் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) மட்டும் இருக்கட்டும்.

வரி விகிதத்தைப் பொருள் அட்டவணையில் ஒற்றை எண்ணாக வைப்பது அடுத்த பொறி. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5, 18 சதவீதத்துக்கு நகர்ந்தன. ஒற்றை எண்ணை மாற்றிவிட்டு ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி அச்சிட்டால், அது புது விகிதத்தில் வந்து நிற்கும். விகிதத்தோடு அது அமலுக்கு வரும் தேதியையும் சேர்த்து வைக்க வேண்டும். போட்ட பில்லின் ஒவ்வொரு உருப்படியிலும் அன்றைய விகிதத்தை நகலெடுத்துச் சேமிக்க வேண்டும்.

பில் எண் சின்ன விஷயமாகத் தெரியும். ஜிஎஸ்டி விதிப்படி அது 16 எழுத்துக்கு மிகாமல், தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும். 'கடைசி எண்ணோடு ஒன்று கூட்டு' என்று எழுதினால், இரண்டு கவுன்டரில் ஒரே நொடியில் பில் போடும்போது இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் தானாகவே எண் கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமென்டை நம்பினாலோ, பாதியில் ரத்தான பரிவர்த்தனை (மொத்தமாக முடியும் அல்லது மொத்தமாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பு) எடுத்துக்கொண்ட எண் திரும்பி வராது. தொடரில் ஓட்டை விழும். எண்ணுக்கென்று தனி அட்டவணை வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அந்த அட்டவணையில் எண் இருக்கும் வரியை அடுத்த கவுன்டர் தொடாதபடி பூட்டி, எண்ணை எடுத்து, கூட்டிவிட வேண்டும். நிதியாண்டையும் அந்த அட்டவணையிலேயே வைத்தால், ஏப்ரல் 1 காலையில் யாரும் கைவைக்காமல் புதுத் தொடர் தொடங்கும்.

பேக்கப் எடுக்காத நிறுவனம் அரிது. எடுத்ததைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் நிறுவனமும் அரிதுதான். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேபில் தவறான சர்வரில் தரவு அழிக்கப்பட்டபோது, தினசரி பேக்கப் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது: டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. பெரிய இடத்திலேயே இப்படி. கடைக் கணினியில் டிஸ்க் நிரம்பினால் பேக்கப் ஃபைல் வெறும் 0 பைட்டாக உருவாகும். பெயரும் தேதியும் மட்டும் சரியாக இருக்கும். வாரம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசி பில் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எப்போதும் செருகியே கிடக்கும் பென்டிரைவை பேக்கப் கணக்கில் சேர்க்க வேண்டாம். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் கடையின் டேட்டாபேஸில் நேரடியாகத் திருத்த வேண்டிய நாளும் வரும். பரிவர்த்தனையைத் தொடங்கு, திருத்தப்போகும் அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் (தேடிப் பார்க்கும் கட்டளை) போட்டு எத்தனை வரிகள் என்று பார், பிறகு அப்டேட் (திருத்தும் கட்டளை), எண்ணிக்கை ஒத்தால் மட்டும் கமிட் (திருத்தத்தை நிலைப்படுத்துவது). மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் தாமாகவே கமிட் ஆகிவிடும், அவற்றுக்கு ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது) கிடையாது.

'இந்தக் கடைக்கு மட்டும்' என்ற கோரிக்கைக்கு நிரலையே பிரதி எடுத்துக் கொடுப்பது அன்றைக்குச் சுலபம். பன்னிரண்டு கடைக்குப் பன்னிரண்டு பிரதி ஆனபின் வரி மாறினால் பன்னிரண்டு முறை திருத்த வேண்டும். வித்தியாசங்கள் செட்டிங்கில் இருக்கட்டும், நிரல் ஒன்றாகவே இருக்கட்டும்.

தமிழில் பொருள் பெயர் வேண்டும் என்பார்கள், நியாயம்தான். ஆனால் 'கோதுமை' கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடில் ஆறு குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். குறிகளை எண்ணி வெட்டினால் துணைக்கால் ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும். தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். வழக்கமான 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டரில் 80 மில்லிமீட்டர் தாளுக்கு 576 புள்ளி அகலம், 58 மில்லிமீட்டருக்கு 384.

பிழைத் திரையிலும் கடைக்காரர் போனில் படித்துச் சொல்லக்கூடியதே இருக்க வேண்டும்: நான்கு இலக்கப் பிழை எண், மென்பொருளின் பதிப்பு எண், நேரம். மீதி விவரமெல்லாம் லாக் ஃபைலுக்குப் போகட்டும். எழுத்தும் பெரிதாக இருக்கட்டும், கவுன்டரில் கண்ணாடி போட்டவர்கள்தான் அதிகம்.