பால் காய்ச்சியாச்சு, பெட்டிதான் பிரியவில்லை

பெருமாள்புரத்துக்குக் குடிவந்து இன்றோடு 16 நாள். ஆனி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றதால், வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் அவசர அவசரமாகப் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது, அதையும் நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டார்.

திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் வருவது என்ன பெரிய இடமாற்றம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு கரையையும் இணைக்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-லேயே திறந்தாச்சு, ஆனால் அத்தை மனசு இன்னும் ஆற்றுக்கு அந்தக் கரையில்தான் நிற்கிறது. "நெல்லையப்பர் கோயில் மணி கேக்காம எனக்கு விடியவே மாட்டேங்கு" என்கிறார்.

அப்புறம் இந்தத் தண்ணீர். முதல் ஞாயிற்றுக்கிழமை மதினி குடும்பத்தைச் சொதிக் குழம்புச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். தேங்காய்ப்பால் மூன்றும் எடுத்து, இஞ்சிப் பச்சடியும் அரைத்து வைத்தாச்சு, போர் தண்ணீரில் போட்ட பாசிப்பருப்பு மட்டும் ஒரு மணி நேரமாக முழித்துக்கொண்டு கிடந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எனக்குத் தெரியும், ஆனால் பாசிப்பருப்புகூடவா? இப்போது சமையலுக்கு ஆற்றுத் தண்ணீர் மட்டும்தான், குழாயில் வரும்போதே குடங்களில் பிடித்து வைத்துவிடுகிறேன்.

மிக்ஸி ஜார் மூடி இன்னும் கிடைக்கவில்லை. மூன்று அட்டைப்பெட்டி கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. அத்தையோ வாசலில் உட்கார்ந்து, ஆனித் தேரோட்டத்துக்கு ஒரு ஆட்டோவில் எத்தனை பேர் போகலாம் என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.