பிள்ளைப்பூச்சியின் வளை

சென்ற ஐப்பசியில், இரண்டு நாள் மழை ஓய்ந்த மாலையில், கொல்லைக் கத்தரிப்பாத்தியின் ஓரத்திலிருந்து ஓர் ஒலி எழுந்தது. சுவர்க்கோழியைப் போல் விட்டுவிட்டுக் கீச்சிடாமல், தாழ்ந்த சுருதியில், மூச்சே வாங்காததுபோல் ஒரே இழையாக அது நீண்டுகொண்டிருந்தது. டார்ச் விளக்குடன் அருகில் சென்றதும் காலடி அதிர்வில் சட்டென்று அடங்கியது. அசையாமல் குந்தியிருந்தேன், பத்து நிமிடத்தில் மீண்டும் தொடங்கியது. ஒலி வந்த இடத்தில் பூச்சி எதுவும் தென்படவில்லை. ஈரமண்ணில், சுண்டுவிரல் நுழையும் அளவில், அருகருகே இரண்டு வாய்கள் மட்டும் திறந்திருந்தன.

உள்ளே இருந்தது பிள்ளைப்பூச்சி. நெல் விளையும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாற்றங்காலுக்குத் தொளி கலக்கும்போது நீரில் நீந்தி வரப்பேறும் பழுப்புநிறப் பூச்சி, அதைக் கொத்தக் காத்திருக்கும் மைனா, இரண்டையும் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். மடியில் பிள்ளைப்பூச்சியைக் கட்டிக்கொண்டதுபோல் என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள், அதை ஒருமுறை கைக்குள் மூடிப் பிடித்தவர்களுக்குத்தான் முழுமையாக விளங்கும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் இறுக்கிய இரண்டு விரல்களுக்கு நடுவில் முன்னங்கால்களை ஆப்பு நுழைப்பதுபோல் நுழைத்து, இருபுறமும் அகட்டித் தள்ளுகிறது. இவ்வளவு சிறிய உடலுக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று விரல்களே திகைக்கும். ஒவ்வொரு முன்னங்காலின் நுனியிலும் மண்வெட்டித் தகடுபோல் நான்கு தடித்த பற்கள் இருக்கின்றன. உடலெங்கும் பட்டுப்போன்ற குறுமயிர் அடர்ந்திருப்பதால் சேற்றிலிருந்து எடுத்தாலும் மேலே சேறு ஒட்டியிருப்பதில்லை.

பூச்சியின் உடலைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். என்னைப் பல மாதங்கள் பிடித்துவைத்ததோ அது தோண்டிய வளை.

ஹென்றி பென்னெட்-கிளார்க் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர், பிரான்சில் வாழும் ஒரு பிள்ளைப்பூச்சி இனத்தின் பாட்டை ஆராய்ந்து 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாடுவது ஆண் பூச்சி. முன் இறக்கை ஒன்றில் உள்ள அரம்போன்ற நரம்பை மற்றதன் விளிம்பு உரச ஒலி பிறக்கிறது. அந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3,500 அதிர்வுகள் கொண்டது. அதன் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர். இறக்கையின் அளவு அதில் ஒரு சிறு பங்குதான் என்பதால், வெட்டவெளியில் நின்று உரசினால் உழைப்பின் பெரும்பகுதி ஒலியாக மாறாமலே வீணாகும். அந்தக் குறையை மண்ணைக் கொண்டு பூச்சி தீர்த்துக்கொள்கிறது. நிலமட்டத்தில் அகன்றிருக்கும் இரண்டு வாய்களும் உள்ளே செல்லச்செல்லச் சீராக ஒடுங்கி, ஒரு கழுத்தில் சேர்கின்றன. கழுத்துக்கு அப்பால் குமிழ்போன்ற ஓர் அறை இருக்கிறது. தலையை அறையின் பக்கம் வைத்து, இறக்கைகள் கழுத்தருகே வரும்படி அமர்ந்து அது பாடுகிறது. நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: இறக்கைதான் சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி), அணசு (ஒலி வெளிவரும் விரிந்த வாய்) மண்ணால் ஆனது. அணசு இரண்டு என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த இனத்தில், பாடுவதற்குச் செலவாகும் தசையாற்றலில் சுமார் 35 விழுக்காடு ஒலியாக மாறுவதாக அவர் கணக்கிட்டார். கரடுமுரடான வளையில் பாடும் மற்றோர் ஐரோப்பிய இனத்துக்கு அது 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. முதல் இனத்தின் வளைச் சுவர் மழுமழுவென்று தேய்க்கப்பட்டிருக்கிறது. அமைதியான இரவில் அதன் பாட்டு 600 மீட்டர் தொலைவிலும் மனிதக் காதுக்குக் கேட்கிறது. அவரே 1987-இல் ஓர் அமெரிக்க இனத்தை ஆராய்ந்தபோது, ஆண் பூச்சி சற்றுத் தோண்டி, ஒரு சிறு குரல் கொடுத்துப் பார்த்து, மறுபடியும் செதுக்கி, தன் சுருதிக்கு வளை இசையும்வரை திருத்துவதை விவரித்தார். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கருவியைச் செய்வதும், சுருதி சேர்ப்பதும், வாசிப்பதும் இருட்டில் தனியே இருக்கும் ஒரே உயிரின் வேலையாக இருக்கின்றன.

பாட்டைக் கேட்டு வருவது பறந்து திரியும் பெண் பூச்சி. உலகராஜ், வாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, பறந்துகொண்டிருந்த பிள்ளைப்பூச்சிகளை அதனிடம் இறங்க வைத்தார்கள். உலகராஜ் என்ற பெயரைக் கண்டதும் அந்த வரியிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன். அமெரிக்காவில் நடந்த பிற்கால ஆய்வுகள், ஈரம் மிகுந்த மண்ணிலிருந்து பாடும் ஆணின் குரல் ஓங்கி ஒலிப்பதையும், ஓங்கிய குரலை நோக்கியே பெண்கள் மிகுதியாக வருவதையும் காட்டின. முட்டைக்கும் ஈரமண்தான் வேண்டும். ஆகவே அந்தக் குரலில் அங்குள்ள மண்ணைப் பற்றிய செய்தியும் சேர்ந்தே வருகிறது.

மண்வாழ் உயிர்களை ஆராய வழக்கமாக நாம் செய்வது அவற்றை வெளியே எடுப்பதுதான். இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே 1905-இல் வடிவமைத்த புனல் இன்றும் பயன்படுகிறது: புனலில் மண்ணை வைத்து மேலிருந்து சூடேற்றினால், உலர்வுக்கு அஞ்சி உயிர்கள் கீழே இறங்கிச் சாராயக் குப்பியில் விழும். தண்ணீர் பாட்டிலை வெட்டி, மேசை விளக்கை வைத்து நானும் செய்து பார்த்தேன். ஒரு பிடி மண்ணிலிருந்து வந்த சிற்றுண்ணிகளை உருப்பெருக்கியில் எண்ணி முடிக்க ஒரு நாள் போதவில்லை. எத்தனை உயிர்கள், எவ்வெவ்வினம் என்று அறிய இதைவிட எளிய முறையை நான் கண்டதில்லை. ஆனால் வளையைப் புனல் தருவதில்லை. ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த பிள்ளைப்பூச்சி, அணசு கழற்றிய நாகஸ்வரம்; அதன் உடலுறுப்புகளில் ஒன்று தோட்டத்திலேயே தங்கிவிடுகிறது.

அதனால்தான் கத்தரிப்பாத்தி வளையை அச்செடுக்க முயன்றேன். பாட்டு நின்றுபோன இரண்டாம் நாள், பாரிஸ் சாந்தைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, வாய்களில் மெல்ல ஊற்றி, இறுகியபின் சுற்றிலும் கரண்டியால் தோண்டினேன். ஈரத்தில் சாந்து சரியாக இறுகாமல் கழுத்திலேயே ஒடிந்தது. கையில் கிடைத்தது ஒரு வாயும் அதன் கீழ் மூன்று விரற்கடை நீளமும்தான். மண் துகளைத் தூரிகையால் நீக்கியபோது, வெளிவிளிம்பு ஊமத்தம்பூப்போல் விரிந்திருந்தது. விளிம்புக்குக் கீழே, தட்டிக்கொட்டிச் சமன் செய்ததுபோல் சிறுசிறு அழுத்தத் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

நாற்றின் வேரை இது கடிப்பதும், வரப்பில் பொந்திட்டு நீரைக் கசியவிடுவதும் உண்மை. உழவரின் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் நாற்றங்காலில் நீர் கட்டினாலே வெளியேறிவிடும் பூச்சிக்காக, மண் முழுவதும் குருணை மருந்து தூவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மருந்துக்கு மண்புழு வேறு, பிள்ளைப்பூச்சி வேறு என்று தெரியாது.

ஒடிந்த அச்சு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கார்த்திகையில் மறுபடியும் மழை பெய்தபோது, பாட்டு கிணற்றடி வாழைக்கருகிலிருந்து கேட்டது. சாந்தைக் கலக்காமல், வாசற்படியில் அமர்ந்து, அது தானாக அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.