தொட்டி தயார், மீன்கள் மெதுவாக வரட்டும்

புதுத் தொட்டியின் நீரைச் சோதித்ததில், மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டியதும் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு ஓடி இருபது மீன்களை அள்ளி வந்துவிடாதீர்கள், தயவுசெய்து! ஃபில்டர் பஞ்சில் குடியேறி அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் இதுவரை கிடைத்த அம்மோனியாவுக்கு ஏற்ற அளவில்தான் பெருகியிருக்கும். முதலில் ஐந்தாறு சிறிய மீன்கள் போதும். இரண்டு வாரம் கழித்து அடுத்த தவணை. நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் மீனைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

தினமும் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் லேசாகப் பச்சை தட்டினாலே கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து. போர்வெல் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டும். அதே அளவு அம்மோனியா அங்கே அதிக நஞ்சாகிறது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், குளோரின் கலந்த நீரில் பாக்டீரியாக்கள் செத்துவிடும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.